ஒன்பதா, மூன்றா?

செல்லப்பிராணி வளர்ப்போரின் கேள்விகளுக்குச் சேலத்திலிருந்து ஒரு கால்நடை நோயியல் மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் வலிப்பு வரும் நாய்களைப் பற்றி எழுதியபோது, "தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கும் தெளிந்த நீர் அது. அந்த ஒரு வரிக்காகத் தபால்காரர் ஹஸ்தம்பட்டியில் என் வீட்டுப் படியை இந்த மாதம் கூடுதலாக ஏறி இறங்கியிருக்கிறார். ஆகவே ரோமம் உதிர்தல், உண்ணி மருந்து, அழகாபுரம் வாசகி வீட்டு இரண்டு பூனைகளின் சண்டை எல்லாம் அடுத்த மாதத்துக்கு.

எங்கள் மூன்று வயது பீகிள் நாய்க்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டாவது வலிப்புக்கு மறுநாள் வெளியூரில் மயக்கம் கொடுத்து முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள். அதே நீரை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். இயந்திரத்தில் ஓட்டிய ரிப்போர்ட்டில் வெள்ளையணு 9, 'இயல்புக்கு மேல்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. கையால் எண்ணிய ரிப்போர்ட்டில் 3, 'இயல்பு' என்கிறார்கள். எதை நம்புவது, டாக்டர் அம்மா? — வாசகர், நாகலூர், ஏற்காடு

ஐயா, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஒன்பதா, அந்தத் தடித்த எழுத்தா? கையால் எண்ணுகிறவர் எண்ணைப் பேனாவால் எழுதி அனுப்பிவிடுவார். இயந்திரம் தடித்த எழுத்தில், பக்கத்தில் அம்புக்குறியும் போட்டு அச்சடித்துத் தரும். அச்சுக்கு நாம் எல்லாரும் கொஞ்சம் பயப்படுகிறோம்.

முதலில் கணக்கு. ஆரோக்கியமான நாயின் முதுகுத்தண்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஐந்துக்கும் குறைவான வெள்ளையணுக்கள்தான் இருக்கும். மைக்ரோலிட்டர் என்றால் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டூசித் தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 6,000 முதல் 17,000 வரை, சிவப்பணுக்கள் 55 லட்சம் முதல் 85 லட்சம் வரை இருக்கும். அணுக்களை எண்ணும் இயந்திரங்கள் ரத்தத்துக்காகப் பிறந்தவை. ஆயிரத்தையும் லட்சத்தையும் எண்ணிப் பழகிய ஒன்றிடம் ஐந்தா ஆறா என்று கேட்கிறோம். லீ பஜாரில் வெல்ல லாரி ஏறி இறங்கும் எடைமேடையில் மூக்குத்தியை வைத்து எத்தனை மில்லிகிராம் என்று கேட்பது போன்றது இது. எடைமேடை பொய் சொல்லவில்லை, அதன் வேலை வேறு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர் எதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனித் தராசு வைத்திருக்கிறார்?

ஆய்வகத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் சொல்கிறேன். காலையில் இயந்திரத்தைத் தட்டி எழுப்பியதும் மாதிரி எதுவும் வைக்காமல் வெறும் கரைசலை ஓட்டிப் பார்ப்போம். அப்போதும் அது ஏதாவது ஒன்றிரண்டை எண்ணிக் காட்டும். தூசி, குமிழி, மின்சாரச் சலசலப்பு, இவைதான் காரணம். சாதாரண ரத்த முறையில் பல இயந்திரங்களில் இப்படி மைக்ரோலிட்டருக்கு 100 வெள்ளையணு வரை காட்டினாலும் "சரி, வேலையைத் தொடங்கலாம்" என்றுதான் அர்த்தம். எட்டாயிரம் எண்ணும் இடத்தில் நூறு என்ன பெரிய காரியம்! ஆனால் அதே முறையில் உங்கள் நாயின் முதுகுத்தண்டு நீரை ஓட்டி ஒன்பது என்று அச்சடித்துக் கொடுத்திருந்தால், அந்த ஒன்பதுக்கு ஒரு பொருளும் கிடையாது.

எல்லா இயந்திரத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். உடல் திரவங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. வெறும் கரைசலை ஓட்டும்போது காட்டக்கூடிய எண்ணுக்கான வரம்பு அவற்றில் மிகக் கடுமையானது. 'அட்வியா' என்ற வகையில் முதுகுத்தண்டு நீருக்கென்றே ஒரு கரைசல் உண்டு. நீரையும் அந்தக் கரைசலையும் சரிபாதியாகக் கலப்பார்கள். அணுக்கள் உருண்டையாகி அப்படியே நிலைத்து நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு, ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு சிவப்பணுவா வெள்ளையணுவா, வெள்ளையில் எந்த வகை என்று பிரிக்கும். இது மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. நாய்களுக்குப் பொருந்துமா என்று சோதித்த ஆய்வுகள் 2008இல் வெளிவந்தன. ஒன்று ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினுடையது. அணுக்கள் கூடியிருக்கும் நீரில் இயந்திரமும் மனிதக் கண்ணும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. தகராறு அடிமட்டத்தில்தான், அதாவது உங்கள் நாய் நிற்கும் இடத்தில்.

அப்படியானால் கையால் எண்ணிய மூன்றுதான் சரியா? அவசரப்படாதீர்கள். கையால் எண்ணுவதை நானே முப்பது ஆண்டுகள் செய்திருக்கிறேன், அதன் வண்டவாளமும் எனக்குத் தெரியும். நியூபாயர் கண்ணாடி என்று ஒன்று. தடித்த கண்ணாடிப் பட்டையில் கண்ணுக்கே தெரியாத கோடுகளால் ஒன்பது பெரிய கட்டங்கள் கீறியிருக்கும். ஒரு கட்டத்தின் நீளமும் அகலமும் ஒரு மில்லிமீட்டர், ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒன்பதையும் எண்ணி முடித்தால் பார்த்தது வெறும் 0.9 மைக்ரோலிட்டர். அந்தத் துளியில் எத்தனை அணு வந்து உட்காரும் என்பது அதிர்ஷ்டம். கல்யாணப் பந்திப் பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா ஒன்றுதான், கரண்டி ஒன்றுதான். உங்கள் தம்ளரில் மூன்று முந்திரி விழும், பக்கத்து இலைக்காரருக்கு ஏழு விழும். பரிமாறியவர் மீது குற்றமில்லை. உண்மையில் ஐந்து இருக்கும் நீரைக் கையால் எண்ணினால் மூன்றும் வரலாம், எட்டும் வரலாம். அதனால்தான் கண்ணாடியின் இரு பக்கத்தையும் நிரப்பி எண்ணிச் சராசரி எடுக்கச் சொல்வோம். அவசரத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

என் தீர்ப்பு: மூன்றும் ஒன்பதும் சண்டை போடவில்லை. இரண்டும் சேர்ந்து "இயல்பு, அல்லது இயல்பைவிட ஒரு மயிரிழை அதிகம்" என்றுதான் சொல்கின்றன. மூளையுறை அழற்சியில் பெரும்பாலும் பத்துகளிலும் நூறுகளிலும் பேசுவோம், சில சமயம் ஆயிரங்களில். தவிர, வலிப்புக்கு மறுநாளே நீர் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வலிப்பே ஓரிரு நாட்களுக்கு இந்த அணுக்களைக் கொஞ்சம் உயர்த்தலாம்.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. இயந்திர ரிப்போர்ட்டில் சிவப்பணு எத்தனை? ஊசி குத்தும்போது சிறு ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கலந்திருந்தால் வெள்ளையணுவும் கூடவே வந்திருக்கும். 500 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணுவைக் கழி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அடுத்து, நீர் எடுத்ததிலிருந்து எண்ணியதுவரை எவ்வளவு நேரம்? கடைசியாக, இதுதான் முக்கியம், ஸ்லைடு போட்டு, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்களா? மூன்றோ ஒன்பதோ, அந்த அணுக்கள் யார் யார் என்று எழுதிய ஒரு வரி வேண்டும். எல்லாம் சாதுவான சிறிய லிம்போசைட்டுகளும் மோனோசைட்டுகளும் (இரண்டும் வெள்ளையணு வகைகள்) என்றால், புரதமும் டெசிலிட்டருக்கு 25, 30 மில்லிகிராமுக்குள் இருந்தால், நாய் வலிப்புக்கு இடையில் பழையபடி ஓடியாடிச் சாப்பிட்டால், நான் இதைக் காரணம் தெரியாத வலிப்பு நோய் என்ற பக்கம்தான் சாய்த்துப் பார்ப்பேன். அது ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்குவது. பெரும்பாலும் மாத்திரையில் கட்டுப்படும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாயின் முதுகெலும்பில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தால் பின்னங்கால் விழுந்துவிடும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். பேரன் பிடிவாதம் பிடிக்கிறான். செய்யலாமா, கூடாதா? — ஒரு பாட்டி, கொண்டலாம்பட்டி

அம்மா, மனிதர்களுக்கே இதைத்தான் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 1891இல் ஜெர்மனியில் குவிங்கே என்ற மருத்துவர் மனிதர்களின் இடுப்பில் இப்படி ஊசி போட்டு நீர் எடுத்துக் காட்டினார். அன்று தொடங்கிய பயம் கொண்டலாம்பட்டி வரை வந்திருக்கிறது.

எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன், பேரனுக்கும் படித்துக் காட்டுங்கள். நாய்க்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். அசையவே கூடாது. ஒருக்களித்துக் கிடத்தி, பிடரியில் ரோமத்தை மழித்து, அறுவை சிகிச்சைக்குப் போலவே சுத்தம் செய்வார்கள். உதவியாளர் நாயின் முகவாயை நெஞ்சை நோக்கி மடித்துப் பிடிப்பார். மருத்துவர் ஒரு கையால் மண்டையின் பின்மேட்டையும், முதல் கழுத்தெலும்பின் இரண்டு பக்க இறக்கைகளையும் தடவிப் பார்த்து நடுவைக் கண்டுபிடிப்பார். ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, அடிக்கடி நிறுத்தி, கம்பியை உருவிப் பார்ப்பார். சரியான இடம் வந்ததும் ஊசியின் வாயில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். சிரிஞ்சால் உறிஞ்சவே மாட்டார்கள், தானாகச் சொட்டுவதைக் குழாயில் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து கிலோ எடைக்கு ஒரு மில்லிலிட்டர் என்பது கணக்கு. பத்துக் கிலோ நாய் என்றால் இரண்டு மில்லி, அரைத் தேக்கரண்டிகூட இல்லை. நாயின் உடல் அதை மறுபடி சுரந்துகொள்ளும். சில நேரம் பிடரிக்குப் பதிலாக இடுப்புப் பக்கத்தில் எடுப்பதும் உண்டு.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். மூளைக்குள் கட்டியோ வீக்கமோ இருந்து அழுத்தம் ஏறியிருந்தால், நீரை எடுத்ததும் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் நாயின் கண்மணி, நடை, நினைவு எல்லாம் பார்ப்பார். வசதி இருந்தால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். "ஸ்கேன் எதற்கு, வீண் செலவு" என்று அங்கே மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நாய்க்கு இந்தப் பரிசோதனை தேவையா என்பது வேறு கேள்வி. நோய் என்ன என்றே நீங்கள் எழுதவில்லையே!

நான் ஆய்வக நுட்பப் படிப்பு மாணவன். எங்கள் ஆசிரியர், "இன்னும் சில ஆண்டுகளில் நுண்ணோக்கியை அருங்காட்சியகத்தில்தான் பார்ப்பீர்கள், எல்லாம் இயந்திரம்தான்" என்கிறார். நாய்களின் முதுகுத்தண்டு நீருக்கும் அப்படித்தானா? — மாணவர், ஆத்தூர்

தம்பி, உன் ஆசிரியர் ரத்தத்தைப் பற்றிச் சொன்னால் நான் பாதி ஒப்புக்கொள்வேன். இதில் மாட்டேன்.

கிரிப்டோகாக்கஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. புறா எச்சத்தில் வளரும், மூக்கு வழியாக உள்ளே போய்ச் சில நாய்களில் மூளையுறையைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் கட்டத்தில், சாயம் போடாமல் பார்த்தால் அது ஒரு சிறிய லிம்போசைட் போலவே உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அளவை வைத்துப் பிரிக்கும் இயந்திரமும் ஏமாறலாம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதனும் ஏமாறலாம். சொட்டு இந்தியன் இங்க் விட்டுப் பார். கறுப்புப் பின்னணியில் அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும், கார்த்திகை மாதத்து நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல. முதல் முறை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு விழுங்கி வைத்திருக்கும் பாக்டீரியா, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அணுக்குள் விட்டுப் போகும் சிவந்த திட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் புற்று அணுக்கள், இவையும் இப்படித்தான் கண்ணில் பட வேண்டியவை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நான் மேலே சொன்ன அட்வியா முறைக்குச் சுமார் 300 மைக்ரோலிட்டர் நீர் வேண்டும். மூன்று கிலோ பொமரேனியனிடமிருந்து மொத்தமே அறுநூறுதான் எடுக்க முடியும். இயந்திரம் பாதியைக் குடித்துவிட்டால் மிச்சத்தில் ஸ்லைடு, புரதம், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எல்லாம் எப்படி? அந்த இடத்தில் நான் இயந்திரத்தைப் பட்டினி போடுவேன்.

எனக்கு இயந்திரத்தோடு பகை ஒன்றும் கிடையாது. ஐந்நூறு அணு இருக்கும் கலங்கலான நீரைக் கையால் எண்ணிக் கண் பிதுங்கியவள் நான். அது ஒரு நிமிடத்தில் எண்ணித் தரட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எண்ணும், சலிக்காது. எண்ணிக்கையை அதற்குக் கொடுத்துவிட்டு, அணுக்களைச் சுழற்றி ஸ்லைடில் படியவைக்கும் சைட்டோஸ்பின்னில் எடுத்த ஸ்லைடை நீ வைத்துக்கொள். வேலை போய்விடும் என்று பயந்து எழுதியிருந்தால், முதலில் ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொள்.

ஏற்காட்டில் புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கிறேன். இங்கே எடுக்கும் முதுகுத்தண்டு நீரைச் சேலத்துக்கு அனுப்பி இயந்திரத்தில் பரிசோதிக்கலாமா? மலை இறங்க ஒரு மணி நேரம்தானே ஆகிறது? — இளம் கால்நடை மருத்துவர், ஏற்காடு

டாக்டர் தம்பி, அந்த 'ஒரு மணி நேரம்தானே' என்பதில் என் வாழ்க்கையின் ஒரு பெரிய தவறு இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து சேலத்தில் ஒரு சின்ன ஆய்வகம் வைத்திருந்தேன். ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு கை சுற்று சென்ட்ரிஃப்யூஜ். மலையில் ஒரு காப்பித் தோட்டத்துப் பாக்ஸர் நாய், ஒன்றரை வயது. காய்ச்சல், கழுத்தைத் திருப்பவே மாட்டேன் என்கிறது, தட்டைத் தரையில் வைத்தால் குனிய முடியாமல் அழுகிறது. மேலே இருந்த மருத்துவர் கெட்டிக்காரர், காலை பத்து மணிக்கே நீரை எடுத்துவிட்டார். தோட்டத்து ஆள் அந்தக் குழாயை ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏதோ ஒரு வளைவில் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. அவர் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

நான் மணியைக் கேட்கவே இல்லை. கண்ணாடியில் ஏற்றினேன், நான்கு அணு. ஸ்லைடிலும் பெரிதாக எதுவும் இல்லை; ஊதா நிறத்தில் கலைந்த திட்டுகள், மை சிந்தித் துடைத்தது போல. சாயத்தின் கசடு என்று நினைத்தேன். 'அணுக்கள் 4, இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். என் கையெழுத்தை நம்பி அந்த மருத்துவர் கழுத்துச் சுளுக்கு என்று வலி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்த நாயைத் தோட்டத்து ஜீப்பில் என் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கேயே நீர் எடுத்து, கால் மணி நேரத்துக்குள் எண்ணினேன். 140. பத்தில் எட்டு நியூட்ரோஃபில். இடையில் நோய் ஏறியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி பழைய ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். நான் கசடு என்று தள்ளியவை அத்தனையும் உடைந்த நியூட்ரோஃபில்களின் உட்கருக்கள். அணுக்கள் இல்லாமல் இல்லை, வழியில் கரைந்து போயிருந்தன. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் மூளையுறை அழற்சி அது. பாக்ஸர், பீகிள் போன்ற இனங்களில் இளவயதில் வருவது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் நாய் தட்டில் குனிந்து சாப்பிட்டதாகத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. மாத்திரை பல மாதம் ஓடியது, நாய் பிழைத்துக்கொண்டது. அதற்கு நான் கொடுத்த இரண்டு வார வலியை யார் கணக்கில் எழுதுவது?

ரத்தத்தில் புரதம் டெசிலிட்டருக்கு ஆறேழு கிராம். முதுகுத்தண்டு நீரில் அதே அளவில் இருபது முப்பது மில்லிகிராம்தான். புரதம் ஒரு மெத்தை. அது இல்லாத நீரில் அணுக்கள் ஊறி உடையத் தொடங்கிவிடும். அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் எண்ண வேண்டும். இதில் இயந்திரம் உங்களைக் காப்பாற்றாது. உடைந்த அணுவை அது குப்பை என்று தள்ளிவிட்டு, நான் எழுதிய அதே நான்கை, அழகாக அச்சடித்துத் தரும். என்னிடமாவது ஸ்லைடு மிச்சம் இருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு குழாயில் பிடியுங்கள். ஒன்றில் நீரின் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதே நாயின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரை) சேருங்கள். நாய் மயக்கத்தில் இருக்கும்போதே ரத்தம் எடுத்துச் சீரம் பிரித்து வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அதை ஐஸ் பெட்டியில், ஐஸைத் தொடாமல், அனுப்பினால் மறுநாள்கூடத் தாங்கும். அந்தக் குழாயின் மேல் 'சீரம் சேர்த்தது' என்று பெரிதாக எழுதுங்கள், இல்லையென்றால் அதிலேயே புரதம் பார்த்து உங்களைக் கலவரப்படுத்திவிடுவார்கள். புரதத்துக்கு மற்ற குழாய். எடுத்த மணியை இரண்டிலும் எழுதுங்கள்.

இன்னும் நல்ல வழி, கீழே அனுப்பாமலே எண்ணுவது. நியூபாயர் கண்ணாடியும் ஒரு நல்ல நுண்ணோக்கியும் உங்கள் கிளினிக்கில் இருந்தால் எண்ணிக்கையை அங்கேயே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். சிறுநீருக்கு வைத்திருக்கும் பட்டையைத் தொட்டால் புரதம் கூடியிருக்கிறதா என்று உத்தேசமாகவும் தெரிந்துவிடும். ஸ்லைடை மட்டும் நிதானமாகச் சேலத்துக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், எண்ணக் கற்றுத் தருகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இப்போதும் நின்றுவிடுகிறது.

தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்தோம். காய்ச்சலும் சளியும் போன பிறகு இப்போது ஒரு பக்கத் தாடையும் முன்னங்காலும் துடித்துக்கொண்டே இருக்கின்றன, தூங்கும்போதும் நிற்கவில்லை. முதுகுத்தண்டு நீர் பரிசோதனை செய்தால் தெரியுமா? கல்லூரி மாணவிகள் நாங்கள், கையில் பணம் அதிகம் இல்லை. — மூன்று தோழிகள், குகை

தூக்கத்திலும் நிற்காத துடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு கவனிப்புக்கே உங்களைப் பாராட்ட வேண்டும். சளி, காய்ச்சல், பிறகு துடிப்பு என்ற வரிசை டிஸ்டெம்பரைத்தான் காட்டுகிறது. நீர் எடுத்தால் லிம்போசைட்டுகள் கூடியிருக்கலாம், புரதம் ஏறியிருக்கலாம். நோயின் தொடக்கத்தில் எல்லாமே இயல்பாகவும் இருக்கலாம். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் சிகிச்சை பெரிதாக மாறப்போவதில்லை. ஆகவே அந்தப் பணத்தைச் சத்துணவுக்கும், வலிப்பு வந்தால் வேண்டிய மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சில குட்டிகள் துடிப்போடே பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கு உடனே தடுப்பூசி.

ஆனால் இதைவிட அவசரமான ஒன்று. அது தெருக் குட்டி. வெறிநோய்க்கும் தாடை தொங்கும், எச்சில் வழியும், குரல் மாறும். குட்டி உங்களில் யாரையாவது கடித்தோ, நகத்தால் கீறியோ, காயத்தில் நக்கியோ இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மூவரும் போங்கள். வெறிநோய்ச் சந்தேகம் துளி இருந்தாலும் நாங்கள் முதுகுத்தண்டு நீரைத் தொடுவதில்லை. அந்த நோயை உறுதி செய்வது இறந்த பிறகு மூளைத் திசுவில்தான். சுழற்றும், தெறிக்கும் இயந்திரத்தில் அந்த நீரை ஏற்றுவது ஆய்வகத்தில் இருப்பவருக்குக் குழி வெட்டுவது. ஆத்தூர் மாணவத் தம்பியும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், கால்நடை ஆய்வகத்தில் கால் வைப்பதற்கு முன்பே வெறிநோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் லாப்ரடார் ஒரு மாதமாகத் தலையை இடது பக்கம் சாய்த்தே நடக்கிறது. எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது, முதுகுத்தண்டு நீரும் இயல்பு என்கிறார்கள். அப்படியானால் மூளையில் நோயே இல்லையா? — வாசகி, அம்மாப்பேட்டை

நீர் இயல்பாக இருப்பதால் மூளையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆழத்தில் இருக்கும் கட்டி நீரில் ஒரு அணுவைக்கூட உதிர்க்காமல் இருக்கும். ஆனால் நீங்கள் அனுப்பிய பதினொரு பக்க ரிப்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன் அம்மா. காதுக்குள் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. லாப்ரடாரின் காது மடங்கித் தொங்குவது, ஏரியில் நீந்தினால் உள்ளே ஈரம் நிற்கும், சீழ் நடுக்காதைத் தாண்டி உட்காது வரை போனால் தலை அந்தப் பக்கம் சாயும். இன்று மாலை அதன் இடது காதை மெல்லத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த மாவு வாசனையோ அழுகல் வாசனையோ வந்தால் நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் போங்கள். பஞ்சுக்குச்சி விட்டு நீங்களாகக் குடையாதீர்கள்.